எவோ ஜப்பானுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: பதிவு முதல் பூல் மேசை வரை

2025 மே 9 முதல் 11 வரை டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில் நடந்த எவோ ஜப்பான் என்ற சண்டை வீடியோ கேம் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடிவிட்டு வந்தேன். ஊரைத் தாண்டி நான் ஆடிய முதல் மேஜர், அதாவது பெரிய போட்டி, அதுதான். ஒரு மேட்ச் ஜெயித்தேன், இரண்டில் தோற்றேன். மேசையில் உட்கார்ந்து ஆடிய நேரத்தை மட்டும் கூட்டினால் இருபது நிமிடம் தேறாது. அந்த இருபது நிமிடத்துக்காக ஆறு மாதம் காகிதங்களோடும் வங்கியோடும் கன்ட்ரோலரோடும் மல்லுக்கட்டினேன். தோற்ற இரண்டு மேட்சில் ஒன்றில் எதிராளி என்னைவிட நன்றாக ஆடினார். இன்னொன்றில் என் கன்ட்ரோலர் பாதியில் செத்துப்போனது. கன்ட்ரோலரால் வந்த தோல்வியை வீட்டில் ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து போகிற ஒருவர், சொந்தக் காசில், ஸ்பான்சர் யாரும் இல்லாமல் போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எவோ ஜப்பான் சமீப ஆண்டுகளில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத் தொடக்கத்திலோ வருகிறது. 2024-ல் ஏப்ரல் 27 முதல் 29 வரை நடந்தது. ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை விடுமுறைகள் வரிசையாக வரும். கோல்டன் வீக் என்பார்கள். போட்டி அந்த வாரத்தோடு ஒட்டி வந்தால் ஹோட்டல் வாடகை ஏறும், ரயிலில் கூட்டம் நெரியும். தேதி அறிவித்ததும் காலண்டரில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் போனால் 3,500. காவல்துறைச் சரிபார்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் தட்கலை நம்பிக் கடைசி வரை இருக்க வேண்டாம். பதிவு திறந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள். ஹோட்டலை மூன்று, நான்கு மாதத்துக்கு முன்பும் விசாவை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன்பும் பாருங்கள். விசாவில் இதைவிட அவசரப்படுவதும் தவறு. ஒரு முறை நுழையும் ஜப்பான் குறுகிய கால விசா, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஜனவரியிலேயே வாங்கி வைத்துவிட்டால் மே மாதம் அது காலாவதியாகியிருக்கும்.

செலவு எனக்கு இப்படி ஆனது. விமானம் போக வர 54,000 ரூபாய். கோவையிலிருந்து வந்த நண்பரோடு அறையைப் பகிர்ந்ததால் ஆறு இரவுக்கு என் பங்கு 25,000. சாப்பாட்டுக்கு நாளைக்கு 2,500 யென், ரயிலுக்கு நாளைக்கு ஆயிரம் யென் என்று வைத்தேன், கிட்டத்தட்ட அப்படியே ஆனது. ஒரு யென்னுக்கு அறுபது பைசா என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். விசா, காப்பீடு, இ-சிம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தனியாகப் போனால் இன்னும் 25,000 கூடும். அதனால் கூட வர ஒருவரைத் தேடுவதுதான் இதில் பெரிய சேமிப்பு. அவர் ஆடுகிறவராகவும் இருந்தால் இரவில் பயிற்சிக்கும் ஆள் ஆயிற்று.

2. பதிவு: பெயரில்தான் சிக்கல்

பதிவு ஸ்டார்ட் டாட் ஜிஜி தளத்தில். கணக்கு இலவசம். கட்டணத்தில் எது எதற்கு எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள். ஆசைப்பட்டு மூன்று ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் பூல், அதாவது ஆரம்பச் சுற்றுக் குழு, நேரங்கள் மோதலாம். முதல் முறை என்றால் ஒன்றே போதும். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், விசா தாமதமானால் அப்போது உதவும்.

பணம் கட்டும் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை நீங்களே திறந்துவிட வேண்டும். இடம் நிறைந்துகொண்டிருக்கும்போது இந்த ஆராய்ச்சியில் இறங்காமல் முந்தின நாளே செய்துவிடுங்கள்.

உண்மைப் பெயர் கேட்கும் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள். பேட்ஜ் வாங்கும்போது அடையாளம் கேட்பார்கள். தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். விமானத் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. காலிக் கட்டம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்திடம் எப்படி நிரப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பம், டிக்கெட், ஹோட்டல், போட்டிப் பதிவு நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் டேக், அதாவது போட்டியில் நீங்கள் வைத்துக்கொள்ளும் புனைபெயர். என் டேக் மழை. ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு நாம் போடும் இரண்டெழுத்துக் கூட்டை ஜப்பானிய நடுவர் பார்த்துவிட்டு ‘மஜாய், மஜாய்’ என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான்காவது முறை திரையில் பெயரைக் காட்டினார், எழுந்து ஓடினேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் டிக்யூ, அதாவது ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. ஆங்கிலத்தில் எவரும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய, இரண்டு மூன்று அசையில் முடிகிற டேக் வைத்துக்கொள்ளுங்கள்.

3. விசா

சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால் நாம் விண்ணப்பிப்பது விசா விண்ணப்ப மையத்தில். அங்கே காகிதம் கொடுத்தால் அவர்கள் தூதரகத்துக்கு அனுப்புவார்கள். கட்டணம் குறைவாகத்தான் இருந்தது. மையத்தின் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

நான் கொடுத்தவை: விண்ணப்பப் படிவம், புகைப்படம், பாஸ்போர்ட், ஆறு மாத வங்கி அறிக்கை வங்கி முத்திரையோடு, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்திலிருந்து விடுப்புக்கான என்ஓசி கடிதம், விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், ஏன் போகிறேன் என்று விளக்கும் கடிதம். கல்லூரியில் படிப்பவர்கள் போனஃபைட் சான்றிதழும், செலவை ஏற்கும் அப்பா அல்லது அம்மாவின் வங்கி அறிக்கையும் வரிக் கணக்கும் அவர் கையெழுத்திட்ட கடிதமும் கொடுக்க வேண்டும்.

நாள்வாரித் திட்டத்தை அலட்சியமாக எழுதாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஹோட்டல், பகலில் எங்கே என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி வேண்டும். போட்டி நாட்களை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. சொந்தச் செலவில் பொழுதுபோக்காக ஆடும் திறந்த போட்டி, யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை என்று கடிதத்தில் நேராகவே எழுதினேன். பதிவு உறுதி மின்னஞ்சலையும் அச்செடுத்து இணைத்தேன். உங்களுக்கு ஸ்பான்சர் ஒப்பந்தம் இருந்தால், அல்லது ஆட அழைத்துப் பணம் தருகிறார்கள் என்றால், விண்ணப்பிக்கும் முன் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது வேறு வகை விசாவாக இருக்கலாம்.

வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஒன்றரை லட்சம் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது கண்ணில் பட்டே தீரும். நான்கைந்து மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம்தான் நம்பும்படி இருக்கும். மறுத்துவிட்டால் அதே பயண நோக்கத்துக்கு ஆறு மாதம் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. அதாவது அந்த வருடப் போட்டி போச்சு. அதனால் ஒரு காகிதம் சந்தேகமாக இருந்தால் நாளை கொடுப்பதே மேல்.

குறைந்தது ஐந்து வேலை நாள் என்பார்கள். எனக்கு ஒன்பது ஆனது, நடுவில் ஒரு முறை கூடுதல் காகிதம் கேட்டார்கள். கிடைத்தது இ-விசா. பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்ட மாட்டார்கள். இதில் ஒரு முக்கியமான விஷயம்: விசா வழங்கிய அறிவிப்பை விமான நிலையத்தில் இணையத்தில் திறந்து, நேரடித் திரையாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சுத்தாள் எதுவும் செல்லாது. சென்னையில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதும், டோக்கியோவில் இறங்கியதும் உங்கள் போனில் இணையம் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற குடும்பம் அச்சுத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்தேன்.

4. விமானமும் தங்குமிடமும்

சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு என்று ஏதாவது ஓர் ஊர் வழியாக மாறிப் போகலாம். விலை பார்த்து எடுங்கள், ஆனால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் எடுத்தால் நடு ஊரில் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும். சிங்கப்பூரில் அதற்கு நமக்கு விசா வேண்டும். மிச்சம் பிடித்த ஆறாயிரம் ரூபாய் அங்கேயே கரைந்துவிடும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த எவோ ஜப்பானுக்கு லாகூரிலிருந்து கிளம்பிய பாகிஸ்தான் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ், வழியெல்லாம் தடங்கலில் சிக்கிக் களைத்து வந்து சேர்ந்தும் டெக்கன் 7 ஆட்டத்தின் போட்டியை வென்றார். அவர் அளவுக்கு ஆடுகிறவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவே. நமக்கு அந்த இரண்டு இரவுத் தூக்கம் தேவை.

நள்ளிரவை ஒட்டி நரிட்டாவில் இறங்கும் விமானத்தைத் தவிருங்கள். கடைசி ரயில் போய்விட்டால் நகருக்கு டாக்சியில் 20,000 யென்னுக்கு மேல் ஆகும். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா நகருக்குப் பக்கம். விலை வித்தியாசம் சிறிதென்றால் அதையே எடுங்கள்.

பிக் சைட்டுக்கு இரண்டு ரயில்கள் இருக்கின்றன. யூரிகாமோமே பாதையில் டோக்கியோ பிக் சைட் நிலையம், ரின்காய் பாதையில் கொக்குசாய் தென்ஜிஜோ நிலையம். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம். ரின்காய் பாதையில் இருக்கும் ஓய்மாச்சியில் தங்கினோம். ஒரே ரயில், மாற வேண்டாம். ஷின்ஜுகு, அசாகுசா பக்கம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காலை நெரிசலில் தோளில் ஆர்கேட் ஸ்டிக் என்கிற பெரிய கன்ட்ரோலரோடு இரண்டு இடத்தில் மாறிப் போவது வேறு கதை. ஹோட்டலை இலவச ரத்து வசதியோடு எடுங்கள், விசாவுக்கும் அதுதான் பாதுகாப்பு.

5. கன்ட்ரோலர்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

அங்கே கன்ட்ரோலர் தர மாட்டார்கள். உங்களுடையதைத்தான் கொண்டுபோக வேண்டும். ஆடுவது பிஎஸ்5-ல். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பிசியில் ஆடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பிசியில் எந்த கன்ட்ரோலரும் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் அப்படி இல்லை. உரிமம் பெற்ற கருவிதானா என்று கன்சோல் நடுநடுவே சோதிக்கும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். நம் ஊரில் பைக்கோ என்ற சிறிய சர்க்யூட் போர்டை வைத்து நாலாயிரம் ஐயாயிரத்துக்குச் செய்து தரும் லெவர்லெஸ் பெட்டிகள், அதாவது ஜாய்ஸ்டிக் இல்லாமல் பட்டன் மட்டும் உள்ள கன்ட்ரோலர்கள், நிறையப் புழங்குகின்றன. என்னுடையதும் அதுதான். அருமையான பெட்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கீகாரம் தரும் துணைக் கருவி இல்லாமல் அது பிளேஸ்டேஷனில் எட்டு நிமிடம்தான் தாங்கும். நண்பர் வீட்டு பிஎஸ்5-ல் செருகிப் பார்த்தேன், மூன்று ரவுண்டு ஆடினேன், சரியாக இருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். எட்டு நிமிடம் ஆடிப் பார்க்கவில்லை.

டோக்கியோவில் பட்டன் செக் செய்து, எதிராளி அமைப்புகளைச் சரி பார்த்து, முதல் ஆட்டம் மூன்று ரவுண்டும் போய், இரண்டாம் ஆட்டம் பாதியில் இருக்கும்போது பெட்டி உயிரை விட்டது. ஆட்டம் நின்றுவிட்டது. ஆட்டத்தை நிறுத்தியவருக்கு ரவுண்டு போகும் என்பது விதி. கழற்றிச் செருகினேன், மறுபடி பதற்றத்தோடு ஆடினேன், தோற்றேன். கோவை நண்பரிடம் இப்படிப்பட்ட கன்ட்ரோலரைக் கன்சோல் ஏற்கும்படி செய்யும் ப்ரூக் விங்மேன் எஃப்ஜிசி கன்வெர்ட்டர் இருந்தது. அடுத்த மேட்ச்சுக்கு அதை வாங்கிச் செருகினேன், ஒரு தொந்தரவும் இல்லை.

எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பிஎஸ்5-ல் உங்கள் கன்ட்ரோலரை முழுதாக ஒரு மணி நேரம், கழற்றாமல், ஆடிப் பாருங்கள். பிஎஸ்5 இல்லையென்றால் கேமிங் கஃபேயில் இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். கன்வெர்ட்டர் தேவைப்பட்டால் அதன் ஃபர்ம்வேரை வீட்டிலேயே புதுப்பித்துவிடுங்கள், அரங்கில் அதற்குக் கணினி கிடைக்காது. யூஎஸ்பி கேபிள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், குறைந்தது மூன்று மீட்டர் நீளத்தில். கன்சோல் எங்கே வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

லெவர்லெஸ் ஆடுகிறவர்கள், எதிரெதிர்த் திசைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று தீர்மானிக்கும் எஸ்ஓசிடி அமைப்பையும் பார்க்க வேண்டும். இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆட்டத்தை உருவாக்கிய கேப்காம் தன் போட்டிகளுக்கு 2023-லேயே விதித்துவிட்டது. கடைசியாக அழுத்தியதை ஏற்கும் அமைப்பில் உங்கள் பெட்டி இருந்தால் எதிராளி புகார் செய்யலாம். டர்போ, மேக்ரோ பட்டன்கள் இருந்தால் அணைத்துப் பூட்டி வையுங்கள்.

பிஎஸ்5-ஓடு வரும் சாதாரண டூவல்சென்ஸ் பேட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறொன்று. கேபிளில் செருகினாலே அது அந்தக் கன்சோலோடு ஜோடி சேர்ந்துவிடும். ஆடி முடித்துப் பையில் போட்டு, பையில் ஏதோ அழுத்தி பேட் விழித்துக்கொண்டால், அந்த மேசையில் அடுத்து ஆடுகிறவர்களின் மேட்ச் குலையும். எழுந்திருக்கும் முன் ஜோடியைப் பிரித்துவிட்டு எழுந்திருங்கள். எப்படி என்று வீட்டிலேயே இரண்டு முறை செய்து பழகுங்கள்.

ஸ்டிக்கையோ பெட்டியையோ கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியோடு அதையும் தட்டில் வெளியே எடுத்து வையுங்கள். வீடியோ கேம் கன்ட்ரோலர் என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். திறந்து காட்டச் சொல்லலாம் என்பதால் திருகாணி முறுக்கிப் பூட்டிய பையில் வைக்காதீர்கள்.

6. பயிற்சியில் மாற்ற வேண்டியது

டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 10 மணி பூல் என்றால் நம் உடம்புக்கு அது காலை ஆறரை. இரவு பதினோரு மணிக்குத்தான் நம் ஆட்டம் சூடு பிடிக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து காலை ஆறரைக்கு எழுந்து, பல் துலக்கிய கையோடு ராங்க்டு மூன்று மேட்ச் ஆடினேன். முதல் இரண்டு நாள் கையே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், புதுசாக காம்போ கற்றுக்கொள்வதைவிட இது அதிகம் உதவியது.

இன்னொன்று, மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவருக்கு மேட்ச். ஆன்லைனில் ஐம்பது மேட்ச் ஆடி மெதுவாக எதிராளியைப் புரிந்துகொள்ளும் அவகாசம் கிடையாது. லோக்கலில் நண்பர்களோடு இரண்டு ஆட்டம் ஆடியதும் எழுந்து ஆள் மாறிப் பழகுங்கள்.

7. பையில் போடுவது, போடக் கூடாதது

ஜப்பானில் 100 வோல்ட் மின்சாரம், தட்டையான இரண்டு முள் பிளக். போன் சார்ஜர் வேலை செய்யும், அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். கம்பி வைத்த இயர்போன் எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் பக்கத்து மேசைச் சத்தம் காதைப் பிளக்கும்.

அம்மா கொடுத்தனுப்பும் பொட்டலங்களைப் பிரித்துப் பாருங்கள். இறைச்சி எந்த வடிவிலும் உள்ளே விட மாட்டார்கள், கோழி ஊறுகாயும் அதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எல்லாவற்றுக்கும் தாவரச் சோதனை இருக்கிறது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரெடிமேட் உப்புமா பாக்கெட் கொண்டுபோனோம், பிரச்சினை இல்லை. சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா, இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். அவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காய்கறி சூப், நூடுல்ஸ் என்று இருந்தாலும் அடியில் தாஷி என்கிற மீன் சாறு இருக்கும். கடைகளில் கிடைக்கும் ஓனிகிரி என்கிற சோற்று உருண்டையில், உமெபோஷி என்கிற ஊறுகாய்ப் பழம் வைத்ததை ஓரளவு நம்பலாம். தோசை சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நிஷி கசாய் பக்கம் போங்கள். இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி, நம் ஊர் உணவகமும் உண்டு.

நம்ம சிம்மை ரோமிங்கில் எஸ்எம்எஸ் வரும்படி உயிரோடு வைத்திருங்கள். இணையத்துக்கு இ-சிம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அட்டையில் பணம் கட்ட ஓடிபி நம் எண்ணுக்குத்தான் வரும்.

8. இறங்கியதும்

விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை ஊரிலேயே நிரப்பிவிட்டால் கியூஆர் காட்டிவிட்டுப் போகலாம். ரயிலுக்கு வெல்கம் சுய்க்கா அட்டை வாங்கினோம், 28 நாள் செல்லும். பணம் எடுக்க செவன் இலெவன் கடை ஏடிஎம் நம் அட்டையை ஏற்றது. பத்தாயிரம் யென்னாவது கையில் வைத்திருங்கள், காசு போட்டு ஆடும் ஆர்கேடில் நூறு யென் காசு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

போட்டிக்கு முந்தின நாள் ஹோட்டலிலிருந்து பிக் சைட் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். நிலையத்தில் எந்த வாசல், எத்தனை நிமிட நடை என்று தெரிந்துவிடும். கட்டிடம் மிகப் பெரியது, உள்ளே அரங்கத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும்.

9. பூல் நாள்

உங்கள் பூல் எண்ணும் நேரமும் ஸ்டார்ட் டாட் ஜிஜி பக்கத்தில் போட்டிக்குச் சில நாள் முன்பு வரும். தளம் எந்த நேர மண்டலத்தில் காட்டுகிறது என்று பாருங்கள். ஜப்பான் நேரத்தில் காட்டுவதை இந்திய நேரம் என்று நினைத்துக்கொண்டால் மூன்றரை மணி நேரம் தாமதமாகப் போவீர்கள். முந்தின இரவும், காலையிலும் மறுபடி பாருங்கள், மாற்றங்கள் வரும்.

வாசல் வரிசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பூல் மேசைக்கு அரை மணி முன்பு போய் நடுவரிடம் டேகைக் காட்டி வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு எங்கும் போகாதீர்கள். கழிவறைக்குப் போவதென்றால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உட்கார்ந்ததும் எதிராளிக்கு ‘யோரோஷிகு ஒநெகாய்ஷிமஸ்’ என்று சொல்லுங்கள், லேசாகத் தலை குனியுங்கள். எல்லோரும் செய்வார்கள். அப்புறம் ‘பட்டன் செக்கு’ என்றால் புரிந்துகொள்வார்கள். எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். டிரைவ் இம்பாக்ட், பாரி, த்ரோ, அசிஸ்ட் பட்டன், கிளாசிக், மாடர்ன் என்ற இரண்டு கட்டுப்பாட்டு முறைகளில் எது என்பது வரை. பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். மேட்ச் தொடங்கிய பிறகு பட்டன் தப்பாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. எந்தப் பக்கம் ஆடுவது என்பதில் ஒத்துவரவில்லை என்றால் கல், காகிதம், கத்தரி போட்டு முடிவு செய்வார்கள். ஜெயித்தவர் அதே கேரக்டரோடு தொடர வேண்டும், தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்ததும் முடிவை நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். நான் பார்த்த ஒருவர் ஜெயித்த சந்தோஷத்தில் நேராக நண்பர்களிடம் போய்விட்டார். அடுத்த மேட்ச்சுக்கு அவரைத் தேடினார்கள். தோற்றாலும் பையைக் கட்டாதீர்கள், ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் லூசர்ஸ் பக்கம் இன்னும் இருக்கிறது.

10. தோற்ற பிறகுதான் பயணமே

இரண்டு தோல்வியில் வெளியேற்றும் பிராக்கெட்டில் முதல் சுற்றில் பாதிப்பேர் தோற்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அடுத்ததிலும் தோற்பார்கள். வந்தவர்களில் சுமார் கால்வாசிப்பேர் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் போவது கணக்கிலேயே எழுதியிருக்கிறது. 2023-ல் லாஸ் வேகாஸ் எவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இந்த அளவு கூட்டத்தில் ஒன்றுமே ஜெயிக்காமல் திரும்பினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வதுதான் தவறு.

சென்னையிலிருந்து ஆன்லைனில் ஜப்பான் ஆட்டக்காரர்களோடு ஆடினால் லேக் விடாது. அங்கே அரங்கில் காஷுவல்ஸ், அதாவது போட்டிக் கணக்கில் சேராத ஆட்டங்களுக்கான செட்டப்களில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையில் நின்று கன்ட்ரோலரைக் காட்டினாலே போதும், ஆட அழைப்பார்கள். நான் பூலில் ஆடியது மூன்று மேட்ச். மீதி நாட்களில் காஷுவல்ஸில் நூற்றுக்கு மேல் ஆடினேன். என்னை லூசர்ஸில் வெளியேற்றியவரைத் தேடிப் பிடித்தேன். போனில் மொழிபெயர்ப்பியைத் திறந்து, என் தற்காப்பில் எங்கே ஓட்டை என்று கேட்டேன். கார்னரில் விழுந்து எழும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பட்டனை அழுத்துகிறாய் என்று எழுதிக் காட்டினார். ஆறு மாதம் லேபில், அதாவது ஆட்டத்தின் பயிற்சி மோடில், உட்கார்ந்தும் எனக்குத் தெரியாமல் போன விஷயம் அது.

மாலையில் தகாடனோபாபாவில் இருக்கும் மிகாடோ கேம் சென்டருக்கும், அகிஹபாராவில் ஹேய் என்ற ஆர்கேடுக்கும் போங்கள். பழைய ஆட்டங்களின் கேபினெட்டுகள் இன்னும் ஓடுகின்றன. அங்கே தோற்றால் காசு போட்டு மறுபடி ஆட வேண்டும், அதனால் எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

ஃபைனல்ஸ் கடைசி நாள் இரவு வரை போகும். அதைப் பார்க்காமல் ஓட வேண்டியிருக்கும் என்பதால் அன்றிரவு விமானம் எடுக்காதீர்கள். மறுநாள் இரவு அல்லது அதற்கடுத்த நாள் காலைக்கு டிக்கெட் போடுங்கள். அங்கே ஸ்டிக், பட்டன் வாங்கியிருந்தால் பில்லைக் கைப்பையில் வையுங்கள், சென்னைச் சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.